மூட்டை இளைத்த மாதம்

நவம்பர் 24, ஞாயிறு

வெட்கத்தை முதலிலேயே இறக்கி வைத்துவிடுகிறேன். வியாழக்கிழமை சந்தையில் வாங்கிய சாளை மீனை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டேன். போட்டதை மறந்தேன். இன்று காலை வரை அதன்மேல் உட்கார்ந்துதான் தூத்துக்குடி முழுக்கச் சுற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு நிச்சயதார்த்த வீட்டில் எனக்கு மட்டும் ஓரமாகத் தனி நாற்காலி போட்டார்கள். ரூபா பேக்கரி ஞானதிரவியத்துக்கு ஊரில் இருக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று பேங்க் மேனேஜர் நான் உட்கார்ந்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். காற்றோட்டம் பிடித்த மனிதர் என்று நினைத்தேன். இன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தால், என் வண்டியைச் சுற்றி ஐந்தாறு பூனைகள் ஜெபக் கூட்டத்துக்கு வந்த மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தன.

ரூபவதி சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மூணு நாளா இது மேலயா உக்காந்திருந்திய? நாத்தம் தெரியலியா?”

“சளி.”

“எந்தச் சளி? ஒரு தும்மல் தும்மலியே நீங்க.”

சளியில் பல வகை உண்டு, இது தும்மாத வகை என்று சொன்னேன். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டியைக் கழுவினேன். கழுவினால் போதுமா, வாடை போய்விட்டதா என்று அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

நவம்பர் 27, புதன்

கிறிஸ்மஸ் ஆர்டர் ஆரம்பித்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு மாவுதான் பகல், மாவுதான் இரவு. இந்த ஊர் மக்ரூனுக்குப் பேர்போனது. ஆனால் எங்கள் கடையைத் தூக்கி நிறுத்தியது பட்டர் பிஸ்கட். வாயில் வைத்தால் கரைந்துபோகும், பல்லுக்கு வேலையே இல்லை. அதற்குக் காரணம் என் கைராசி என்று வாடிக்கையாளரிடம் சொல்லுவேன். உண்மையான காரணம் அமோனியா.

வெள்ளை வெளேரென்று கல்லுப்பு மாதிரி இருக்கும். மூட்டையாக வரும். மாவில் ஒரு கை போட்டுப் பிசைந்து அடுப்பில் வைத்தால், சூடு பட்ட மாத்திரத்தில் மொத்தமும் காற்றாகிப் பிஸ்கட்டைப் பொரியவைத்துவிட்டுப் போய்விடும். கசடு கிடையாது, சாம்பல் கிடையாது. உலகத்தில் வேலையை முடித்துவிட்டுத் தடம் தெரியாமல் போகிற ஒரே ஆசாமி இந்த உப்புதான் என்று என் மச்சினன் எபி சொல்லுவான். கனத்த பண்டத்தில் மட்டும் இதைப் போடக்கூடாது. நெடி உள்ளேயே தங்கிவிடும். பிஸ்கட்டிலும், வேக்காடு கொஞ்சம் குறைந்தால் அப்படித்தான்.

அதனால் எங்கள் அடுப்பறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தட்டு வெளியே வந்ததும் முதலாளி ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து மூக்கருகே பிடித்துப் பார்க்க வேண்டும். நெடி அடித்தால் தட்டு மறுபடி உள்ளே போகும். வெண்ணெய் வாசம் மட்டும் வந்தால் முதலாளி தலையாட்டுவார். என் அப்பா ஆட்டிய தலை, பிறகு நான் ஆட்டுகிற தலை. கடையில் எனக்கு வேறு வேலை கிடையாது என்று ரூபவதி சொல்லுவாள். மாவு பிசைவது, அடுப்பு பார்ப்பது, ஆட்களை மேய்ப்பது எல்லாம் அவள் தம்பி எபனேசர். தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயது. ரூபவதிதான் வளர்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு வரும்போது சீதனமாக அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போது முப்பத்தெட்டாகிறது, கல்யாணம் வேண்டாமென்கிறான். பாட்டுதான் அவனுக்குப் பெண்டாட்டி. சபைப் பாடகர் குழுவில் அவன் குரல் எழும்பினால் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இன்று முதல் தட்டு வந்தது. உடைத்தேன், பிடித்தேன், ஆட்டினேன்.

எபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தான், ஒருக்கா நானும் பாக்கட்டா?”

“ஏன், என் மூக்குல என்ன குறை கண்ட?”

“குறையில்ல. சளின்னு அக்கா சொன்னா.”

“சளி அவளுக்கு.”

டிசம்பர் 1, ஞாயிறு

எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா என்னைத் தூணோரம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. முந்தாநாள் குடுத்துவிட்ட பிஸ்கட்டு… எப்படிச் சொல்ல… தொட்டில் துணி வாசம் அடிக்கி.”

“வீட்டுல பேரப்பிள்ளை வந்திருக்கில்ல?”

“பிள்ளை ஊருக்குப் போயி ஒரு வாரமாச்சி.”

இதற்குள் எபி வந்து, “அது என் தப்பும்மா, தட்டைச் சீக்கிரம் எடுத்துட்டேன், நாளைக்குப் புதுசா கொண்டாரேன்” என்று தன் தலையில் போட்டுக்கொண்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. என் கடைப் பிஸ்கட்டுக்கு மன்னிப்புக் கேட்க இவன் யார்? வீட்டுக்கு வந்து மீன் குழம்பில் ருசியே இல்லை என்று ரூபவதியிடம் அந்தக் கோபத்தை இறக்கினேன். கொஞ்ச நாளாகவே அவள் சமையல் சரியில்லை. ஆகஸ்டில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவள் கைப்பக்குவமே போய்விட்டது.

டிசம்பர் 5, வியாழன்

மழை. பின்கட்டில் இருக்கிற ஸ்டோர் ரூமில் ஒழுகுகிறது. அமோனியாவுக்கு ஈரம் ஆகாது, கட்டி பிடித்துவிடும். மூட்டையை எங்கே வைப்பது என்று எல்லோரும் விழிக்க, நான்தான் யோசனை சொன்னேன். ஸ்டோர் ரூமின் ஒரு சுவர் அடுப்பின் முதுகுதான். கிறிஸ்மஸ் மாதத்தில் அந்தச் சுவர் ஆறுவதே இல்லை, கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். அதை ஒட்டி மூட்டையைச் சாத்தினால் ஈரம் எட்டிப்பார்க்குமா?

எபி தலையைச் சொறிந்தான். “சூடு ஆவுமா அத்தான் இதுக்கு?”

“அடுப்புக்குள்ளயா வைக்கச் சொல்லுதேன்? முதுகுலதானல. நமக்கு முதுகு வலிச்சா வெந்நி ஒத்தடம் குடுக்கல? அந்த மாதிரி.”

ஆட்கள் சிரித்தார்கள். மூட்டையைச் சாத்தினார்கள். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ அதிகம் குடித்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

மூட்டை இளைத்திருக்கிறது.

முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். தூக்கிப் பார்த்தேன். நான் தூக்கினால் வருகிறது, அதுவே சந்தேகத்துக்கு இடம். எனக்கு டிஸ்க் வலி வந்த நாளிலிருந்து முழு மூட்டை அசைந்ததே இல்லை. இதுவரை போட்ட மாவுக்கு இவ்வளவு செலவாகியிருக்க முடியாது.

யார் எடுக்கிறார்கள்? எடுத்து என்ன செய்வார்கள்? தங்கமா, ஏலக்காயா? ஆனால் பைபாஸ் ரோட்டில் புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறான் ஒருவன். அவன் எபியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்தவன். போன வாரம் எபி அங்கே நின்று டீ குடித்ததைக் கண்டதாகப் பால்காரர் சொன்னார். நான் எதையும் நினைக்கவில்லை. பால்காரர் சொன்னதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஸ்டோர் ரூமில் தனியாக நின்றபோது கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. டிசம்பர் வந்தால் எனக்கு மனசு இளகிவிடும், அப்பா ஞாபகம் வரும். வெளியே வந்ததும் நின்றுவிட்டது.

இரவு ரூபவதி, “பின்கட்டுலேருந்து ஒரே நெடி, வீடு வரைக்கும் வருது” என்றாள். பேக்கரியில் அமோனியா நெடி வராமல் அத்தர் வாசமா வரும் என்று கேட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

இன்னும் இளைத்திருக்கிறது. திருடன் தினமும் வருகிறான்.

எபியிடம் சாடைமாடையாகப் பேச்சுக் கொடுத்தேன். “மாப்ள, பைபாஸ்ல பிஸ்கட்டு நல்லா பொரியுதாமே?”

“பொரியும்போல. நான் திங்கலியே.”

“அவனுக்கு அமோனியா எங்கேருந்து வருதாம்?”

மாவு பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து மறுபடி பிசைந்தான். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததும் ஒரு பதில்தானே?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என் ஏற்பாடுகளைச் செய்தேன். மூட்டைக்குள் இருக்கிற கனத்த பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கி, நாலு சுற்றுச் சணல் கட்டி, அதன்மேல் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றினேன். தொட்டால் மெழுகு உடையும், கள்ளன் பிடிபடுவான். மேலே இருக்கிற காற்றுத் துவாரம் வழியாகக் கையை விடக்கூடும் என்று அதையும் அட்டை வைத்து அடைத்து ஆணி அடித்தேன். கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி என் அரைஞாணில். இரண்டு நாளைக்கு வேண்டிய அமோனியாவை முன்கூட்டியே ஒரு டப்பாவில் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஸ்டோர் ரூமுக்குள் யாருக்கும் வேலையில்லை.

இதையெல்லாம் செய்து முடிக்கும்போது கண், மூக்கு எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. மெழுகுப் புகை.

டிசம்பர் 14, சனி

காலையில் பூட்டைத் திறந்து கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மெழுகு உடையவில்லை. மூட்டை இளைக்கவில்லை. இளைக்காதது மட்டுமல்ல, கொழுத்திருக்கிறது. தலையணை மாதிரி நன்றாக உப்பி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாற்போல் நிற்கிறது. பூட்டுப் போட்டால் பண்டம் பெருகும் என்று அப்பா சொன்னது இதைத்தான் போலும்.

மனசு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டினேன்.

இரவு முழுக்க அடுப்பு எரியும். நாளை ஓய்வு நாள். சாயங்காலம் எபியோடு கேரல் பாட்டுக் கூட்டம் வீடு வீடாகப் போகிறது. எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். ரூபவதி அவனுக்கென்று தனியாக இஞ்சி தட்டிப்போட்டுக் காபி வைப்பாள், தொண்டைக்கு நல்லதென்று. இந்த வீட்டில் தொண்டைக்கு இருக்கிற கவனிப்பு மூக்குக்கு இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

டப்பாவில் எடுத்து வைத்த அமோனியா தீர்ந்துவிட்டது. மூட்டையைத் திறந்தாக வேண்டும். நல்ல மழை. மாவு பிசைகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அதனால் பின்னால் நகர்ந்து நின்று எபியைக் கூப்பிட்டேன்.

“மாப்ள, தராசை எடுத்துட்டுப் போயி மூட்டையை எடை போட்டுச் சொல்லு. உன் கையாலயே போடு.”

அவன் என்னைப் பார்த்தான். “உள்ள நெடி கூடுதலா இருக்கும்போல அத்தான். கொஞ்சம் திறந்து போடுவமே.”

“நெடியா? ஒண்ணுமில்ல. நான் இங்கதான நிக்கேன்?”

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போனான். சாரல் உள்ளே அடித்தது, சாமான் நனையக்கூடாதென்று நான் கதவை இழுத்துச் சாத்தினேன். மழையில் ஊறின மரக்கதவு. சிக்கிக்கொண்டது.

இடி என்று நினைத்தேன். அவன்தான் கதவை இடித்திருக்கிறான்.

உடைத்துத் திறந்தோம். தவழ்ந்து வந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

டிசம்பர் 18, புதன்

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர். என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“அந்த உப்பு அடுப்புக்குள்ள போனாத்தான் காத்தாகும்னு இல்லீங்க. சும்மா வெதுவெதுன்னு இருந்தாலே போதும், கொஞ்சங் கொஞ்சமா ஆவியாயிட்டே இருக்கும். நீங்க சூடான சுவர்ல சாத்தி, வாயையும் இறுக்கி அடைச்சுட்டீங்க. பை உப்பிடுச்சு. அவர் தூக்கி இறக்கினப்ப மூஞ்சிக்கு நேரா கிழிஞ்சிருக்கு.”

“அப்ப மூட்டை இளைச்சது?”

“ஆவியாத்தான் போயிருக்கும்.”

திருடனே இல்லை. மூட்டையைத் தின்றது என் சுவர்.

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகுமாம். மனித உடம்பில் எங்கெல்லாம் ஈரம் உண்டோ அங்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வெந்துபோகச் செய்யுமாம். கண், தொண்டை, நெஞ்சு. இழுத்து வந்ததும் தண்ணீரை மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினாளே ரூபவதி, குழாயைத் திறந்துவிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் ஊற்றினாளே, அதனால்தான் இடது கண் தப்பியது என்றார். வலது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டாராம். தொண்டையில் குழாய் போட்டிருக்கிறது.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது. எதுவென்று இப்போது ஞாபகமில்லை.

டிசம்பர் 19, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். அவ்வளவு நெடி அடிக்கிற அறைக்குள் ஏன் ஆளை அனுப்பினீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

“எனக்கு வாசனை தெரியாதுங்க. ஆகஸ்ட்லேருந்தே தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு செத்துப்போச்சு.”

சொன்னதும் உடம்பில் ஒரு பாரம் இறங்கியது. மீன் கதையைச் சொன்னேன், பூனைகளைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். ஐயரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் தொட்டில் துணியைப் பற்றிச் சொல்லுவார்கள். என் அவமானங்கள் எல்லாம் வரிசையாக எழுந்து நின்று எனக்காகச் சாட்சி சொல்லுகின்றன. வாழ்க்கையில் முதல்முறை.

ரூபவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஆகஸ்ட்லேருந்தா?”

“ஆமா.”

“என் குழம்புல ருசி இல்லன்னிய.”

“ஆமா.”

“கதவைத் தொறந்தப்ப ஒண்ணுமே தெரியலியா உங்களுக்கு? கண்ணுகூட எரியலியா?”

“ஒண்ணும் தெரியல ரூபா.”

என் தலையில் கை வைத்தாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். எபிக்காக மட்டும் அழவில்லை, எனக்காகவும் அழுதாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

எபி கண் விழித்தான், இடது கண். வலதில் கட்டு. ரூபவதி அவன் பெயரைச் சொன்னாள். திரும்பவில்லை. நான் பக்கத்தில் போனேன். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினான். பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினான். மறுபடியும் பத்து, மறுபடியும் ஒன்று.

நர்ஸ் வலியா என்று கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று ரூபவதி கேட்டாள். அவன் இல்லை இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி என்னிடம் அதையே காட்டினான்.

பதினொன்று. மூட்டையின் எடை. போட்டுச் சொல்லு என்றேனல்லவா, சொல்லுகிறான்.

எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். அவன் கையை இறக்கினான். என்ன கேட்டான் என்று ரூபவதி கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறான்போல என்று சொன்னேன்.

டிசம்பர் 25, புதன்

கோயிலில் எபி இல்லாமல் பாடினார்கள். ஒலிபெருக்கியை இரண்டு தடவை கூட்டினார்கள். பிஸ்கட்டுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பேங்க் மேனேஜர்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு இப்படி ஒரு குறை இருக்குன்னு அன்னைக்கே தெரியாமப்போச்சே அண்ணாச்சி, நான் ஜன்னலைத் திறந்தேனே” என்றார். ஊரே எனக்காக இரக்கப்படுகிறது. ஐயர் பிரசங்கத்தில் மூக்கிருந்தும் முகராத விக்கிரகங்களைப் பற்றிய வசனத்துக்கு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு அதை வாசிக்காமல் தாண்டிப்போனார்.

வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். பேசலாம், கொஞ்சமாக. பாட்டைப் பற்றி ரூபவதி கேட்டாள். டாக்டர், “உயிர் வந்திருக்கு, அதை நினைச்சுச் சந்தோஷப்படுங்க” என்றார். வலது கண்ணில் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறது.

ரூபவதி காபி வாங்கப் போனாள். நான் மட்டும் இருந்தேன். எபி கை காட்டிக் கூப்பிட்டான். அவன் வாயருகே காதை வைத்தேன். காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து சொற்களைப் பொறுக்க வேண்டியிருந்தது.

“நான் எடுக்கல அத்தான்.”

விபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“தெரியும் மாப்ள. ஆவியாப் போயிருக்கு. டாக்டர் சொன்னாரு.”

அவன் முகம் தெளிந்தது. அவ்வளவு நாள் அதைத்தான் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறான், கண்ணை அல்ல.

“பைபாஸ்காரன்… வேலைக்குக் கூப்பிட்டான். வரமாட்டேன்னு சொல்லத்தான் போனேன்.”

“சரி, பேசாத. தொண்டை வலிக்கும்.”

ரூபவதி வந்துவிட்டாள். அவளைக் கண்டதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்க வேண்டுமென்று மெனக்கெட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

“அக்கா, அத்தானை ஒண்ணும் சொல்லாத. அவருக்கு மூக்கு இல்ல. தெரிஞ்சா என்னைய அனுப்புவாரா?”

“நான் என்னத்தல சொன்னேன்?” என்றாள் ரூபவதி. டம்ளரில் காபியை ஆற்றி என்னிடம் முதலில் நீட்டினாள்.

ஜனவரி 11, சனி

அடுப்பை மறுபடி பற்றவைத்தோம். அமோனியாவை முன்கட்டில், நிழலில், சின்னச் சின்ன டப்பாவாக வைத்திருக்கிறோம். ஸ்டோர் ரூமின் துவாரத்தில் நான் அடித்த அட்டையை நானே ஏணி போட்டுப் பிடுங்கினேன். எபி வீட்டுக்கு வந்துவிட்டான். அடுப்பறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்கிறான். முதல் தட்டு வந்ததும் பிஸ்கட்டை உடைத்து அவனிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துத் தலையாட்டினான். இனி அது அவன் பதவி. ஆட்கள் கைதட்டினார்கள். பெரிய மனசு அண்ணாச்சிக்கு என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

ரூபவதி என் மூக்கைக் காட்டியே தீருவது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். திருநெல்வேலியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மா இருக்கிறாராம். வேண்டாம், இந்த வயதில் மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றேன். “எம் புருஷனுக்கு என் குழம்பு வாசம் தெரியணும்” என்கிறாள்.

ஜனவரி 18, சனி

போய்வந்தோம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

டாக்டரம்மா கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு பாட்டிலாக மூக்கருகே பிடித்தார். காபித்தூளாம், தெரியவில்லை. கிராம்பாம், தெரியவில்லை. எலுமிச்சை, சோப்பு, எதுவும் இல்லை. “சுத்தமா போயிருக்கு சார், ஆனா சிலருக்குத் தானா திரும்பும்” என்றார். பக்கத்தில் ரூபவதி பெருமூச்சு விட்டது கேட்டது. நான் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார். உள்ளுக்குள் ஒரு நிம்மதி, ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கடைசியாக இன்னொரு பாட்டில். தலை தானாகப் பின்னால் போய் நாற்காலியில் இடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“வந்துட்டு! மூக்கு வந்துட்டு!” என்று கத்தினேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது அமோனியா சார். வாசனை இல்ல, எரிச்சல். வாசனைக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு வேற நரம்பு. மூக்கு செத்தவங்களுக்கும் அந்த நரம்பு வேலை செய்யும், இது உறைக்கும், கண்ணு கலங்கும். அப்படி ஒண்ணுமே தெரியல, கண்ணுகூட எரியலன்னு ஒருத்தர் சொன்னா, அவர் பொய் சொல்றார்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த பாட்டிலையே வச்சிருக்கேன்.”

ரூபவதி என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.